ஊரில் வேலையின்மை குறைந்தால் வேலை கூடியது என்று அர்த்தமா?

“வேலை பெருகுவதால் மக்கள் ஓர் ஊருக்குக் குடிபெயர்கிறார்களா, இல்லை, மக்கள் வந்து சேர்வதால் அங்கே வேலை பெருகுகிறதா?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இரண்டும்தான். 1971-லேயே ரிச்சர்ட் மூத் என்ற பொருளாதார அறிஞர், ‘கோழியா முட்டையா’ என்று தலைப்பில் கேட்டே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒன்று மற்றதை இழுக்கிறது என்பதுதான் அவர் கண்டது. வேலை தேடி வருகிறவர் வேலை மட்டுமா பார்க்கிறார்? வீடு எடுக்கிறார், முடி வெட்டிக்கொள்கிறார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறார். அதெல்லாம் இன்னொருவருக்கு வேலை.

சரி, ஆட்கள் கிளம்பிப் போன ஊர் என்ன ஆகிறது? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஓர் ஊரில் 1,000 பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலை மூடி 100 பேருக்கு வேலை போகிறது. வேலையின்மை 10 சதவீதம். கொஞ்ச வருடத்தில் அந்த 100 பேரும் வெளியூர் போய்விட்டால்? வேலையின்மை பூஜ்யம்! கணக்கில் ஊர் தேறிவிட்டது. ஆனால் இருக்கும் வேலை அதே 900தான். போனவர்கள் அங்கே செலவழித்த பணமும் போய்விட்டதால் அந்த 900-உம் நிலைக்காது. அதனால் வேலையின்மை சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. பிளான்சார்ட், காட்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1992-இல் அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்தபோது இதையே கண்டார்கள். அடி விழுந்த மாநிலத்தில் ஐந்தாறு, ஏழு ஆண்டுகளில் வேலையின்மை பழைய நிலைக்கு வந்துவிடும். புது வேலை வந்ததைவிட, ஆட்கள் வெளியேறியதே அதற்குப் பெரிய காரணம்.

அப்புறம், எல்லோராலும் கிளம்பிவிட முடியாது. 2000-க்குப் பிறகு சீன இறக்குமதியால் தொழிற்சாலைகள் நசிந்த அமெரிக்கப் பகுதிகளில் ஆட்கள் அவ்வளவாக வெளியேறவில்லை. வேலையில்லாமல் அங்கேயே முடங்கினார்கள். வேலை இருக்கும் நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாது; வயதான பெற்றோரை விட்டுப் போகவும் முடியாது. இப்படிப்பட்டவர்களிடம் “வேலை இருக்கும் இடத்துக்குப் போ” என்று சொல்வதில் பயனில்லை. வேலையைத்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.