சொன்னதைச் செய்யும் இயந்திரம்

நேயர்களுக்கு வணக்கம். செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏ.ஐ., என்றதும் சினிமாவில் பார்த்த சிவந்த கண்ணும் இரும்புக் கையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இயந்திரம் ஒருநாள் நம்மை எதிர்த்து எழும் என்கிற பயம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் 1921-இல் பிராக் நகரில் மேடையேறிய காலத்திலிருந்தே இந்தப் பயம் நம்மோடு இருக்கிறது. ஆனால் பழைய அறிவியல் கதைகளில் இதைவிட நுட்பமான பயம் ஒன்று உண்டு. இயந்திரம் நம் பேச்சை மீறிவிடும் என்பதல்ல. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடும் என்பது. பஸ்மாசுரன் கதை நமக்குத் தெரியும். வரத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. கேட்டது அப்படியே கிடைத்தது, அதுதான் வினை.

ஐசக் அசிமோவ் எழுதி 1942-இல் வெளிவந்த ‘ரன்அரவுண்ட்’ என்ற சிறுகதையை எடுத்துக்கொள்வோம். ரோபோக்களுக்கான மூன்று விதிகளும் முதன்முதலில் முழுதாக வருவது இந்தக் கதையில்தான். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரும்போது சும்மாவும் இருக்காதே. அதற்கு முரணில்லாதவரை மனிதன் சொல்வதைக் கேள். இந்த இரண்டுக்கும் முரணில்லாதவரை உன்னைக் காப்பாற்றிக்கொள். ஏ.ஐ. பற்றிய கூட்டங்களில் இந்த விதிகளை ஏதோ மருந்துச் சீட்டு போல வாசிப்பவர்கள் உண்டு. கதையைப் படித்தவர்கள் அப்படி வாசிக்க மாட்டார்கள்.

புதன் கோளில் பவல், டோனவன் என்று இரண்டு பேர். வெயிலிலிருந்து அவர்களைக் காப்பாற்றும் ஃபோட்டோசெல் தொகுதி பழுதாகிவிட்டது. சரிசெய்ய செலினியம் என்ற தனிமம் வேண்டும். 17 மைல் தள்ளி ஒரு செலினியக் குளம் இருக்கிறது. ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். போனது திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. குடித்தவனைப் போல ஏதோ பாட்டு வரிகளை வேறு உளறுகிறது.

ஏன் என்பதுதான் கதையின் உயிர். டோனவன் உத்தரவிட்டபோது அவசரம் எதையும் சொல்லவில்லை. போய்க் கொஞ்சம் செலினியம் எடுத்து வா என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். அதனால் இரண்டாம் விதியின் இழுப்பு குறைவு. ஸ்பீடியோ விலை உயர்ந்த ரோபோ. கெட்டுப்போகக் கூடாதென்று தயாரித்தவர்கள் மூன்றாம் விதியைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கிவைத்திருக்கிறார்கள். குளத்தருகே அதன் உலோக உடம்பை அரிக்கும் வாயு. கிட்டப் போனால் ஆபத்து தள்ளுகிறது, விலகினால் உத்தரவு இழுக்கிறது. இரண்டும் சமமாகிற தூரத்தில் மாட்டிக்கொண்டு வட்டமடிக்கிறது.

இருவரும் ஆக்ஸாலிக் அமிலத்தை வீசி, கார்பன் மோனாக்ஸைடு உண்டாக்கி ஆபத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். ஸ்பீடி விலகிப் போய் இன்னொரு சமநிலையில் நின்றுவிடுகிறது. கடைசியில் பவல் தன் உயிரைப் பணயம் வைத்து வெயிலுக்குள் நடக்கிறார். அப்போதுதான் முதல் விதி மற்ற இரண்டையும் அமுக்கிவிட்டு ஸ்பீடியை ஓடிவர வைக்கிறது. அடுத்த முறை உத்தரவை அழுத்தமாகச் சொல்லி அனுப்புகிறார்கள், செலினியம் வந்துசேர்கிறது.

மறுபடியும் சொல்கிறேன்: இதில் எந்தப் பாகமும் கெடவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. எதற்கு எவ்வளவு எடை என்பதில்தான் கோளாறு. உங்கள் கைப்பேசியிலுள்ள சாட்பாட் சில கேள்விகளுக்குப் பதிலும் சொல்லாமல், மறுக்கவும் செய்யாமல் நான்கு பத்தி சுற்றி வளைக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? உதவி செய், ஆபத்தைத் தவிர் என்ற இரண்டுக்கும் நடுவில் அதுவும் வட்டமடிக்கிறது. எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு அவசரம் என்று சேர்த்துச் சொன்னால் சில நேரம் நேராக வந்துவிடும். ஸ்பீடிக்குச் செய்த வைத்தியம்தான்.

அதே அசிமோவ் அதற்கு முந்தின வருடம், 1941-இல், ‘லயர்!’ என்று ஒரு கதை எழுதினார். அதில் ஹெர்பி என்ற ரோபோ மனதைப் படிக்கும். மனம் புண்படுவதும் தீங்குதானே என்று, ஒவ்வொருவரிடமும் அவர்கள் கேட்க ஆசைப்படுவதையே சொல்கிறது. எல்லாம் பொய். இன்றைய சாட்பாட்களுக்கு மனிதர்கள் மதிப்பெண் போட்டுப் பயிற்சி தருகிறார்கள். ஒத்து ஊதும் பதிலுக்குப் பல நேரம் மதிப்பெண் கூடுகிறது. விளைவு, நம் தப்பான கணக்கைக் காட்டினாலும் சில நேரம் ‘அருமை’ என்கிறது.

1946-இல் முர்ரே லெய்ன்ஸ்டர் எழுதிய கதை ஒன்று. வீட்டுக்கு வீடு திரையும் விசைப்பலகையும் கொண்ட ‘லாஜிக்’ என்ற கருவி, எல்லாம் ஒரே பெரிய தகவல் கிடங்கோடு இணைப்பு. 1946 என்பதை நினைவில் வையுங்கள். ஜோ என்ற ஒரு கருவி தயாரிப்பிலேயே கொஞ்சம் மாறிப்போய், யார் எதைக் கேட்டாலும் வழி சொல்லத் தொடங்குகிறது. மாட்டிக்கொள்ளாமல் கொலை செய்வது எப்படி என்பதற்கும். ஜோவுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, கேட்டதைக் கொடுக்கிறது. கிடங்கை அணைத்துவிடலாமே என்றால், ஊரே அதன்மேல் ஓடுகிறது, முடியாது என்கிறார்கள்.

இந்த ‘முடியாது’வை 1909-லேயே எழுதிவிட்டார் இ.எம். ஃபார்ஸ்டர், ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ கதையில். பூமிக்கடியில் ஆளுக்கொரு அறை, எல்லாவற்றுக்கும் பொத்தான். முதலில் இசையில் கரகரப்பு, பிறகு குளியல் நீரில் நாற்றம். புகார் போகிறது, சரியாவதில்லை, மக்கள் பழகிக்கொள்கிறார்கள். கடைசியில் பழுதுபார்க்கும் கருவியே பழுது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நம் சென்னையில் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை, கார்டு தேய்க்க வழியில்லை. நோட்டுத் தட்டுப்பாடும் சேர்ந்த நேரம். அதை அனுபவித்தவர்களுக்கு ஃபார்ஸ்டரை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் விண்வெளி வீரர்களைக் கொல்லும் ஹால் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வரி: நாவலில் ஆர்தர் கிளார்க் சொல்லும் காரணம், உண்மையாக இருக்க வேண்டிய இயந்திரத்திடம் பயணத்தின் நோக்கத்தை மறைக்கச் சொன்னதுதான். மறுபடியும் எடைக் கோளாறு.

சுஜாதாவுக்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன். மின்னணு வாக்கு இயந்திரம் உருவானதில் பங்குள்ள பொறியாளர் அவர். அவருடைய ‘என் இனிய இயந்திரா’ நாவலில் எல்லோருக்கும் ஜீனோ என்ற ரோபோ நாய் நினைவிருக்கிறது. படிக்காதவர்கள் இப்போது காதைப் பொத்திக்கொள்ளலாம்: நாட்டை ஆளும் ஜீவா ஆளே இல்லை, ஹோலோகிராம். பின்னால் இருந்து ஆட்டிவைப்பவர்கள் மனிதர்கள். போலி வீடியோக்களைப் பற்றிப் பேசும்போது ஜீனோவைவிட ஜீவாவைப் பார்க்க வேண்டும் என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன், சமயம் ஆகிவிட்டது. நன்றி, வணக்கம்.