‘பல் வலி’ என்று எழுதாதீர்கள்!

“ராத்திரி படுத்தா பல்லு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது டாக்டர்.”

தேர்வு நாளில் உங்கள் நோயாளி இப்படிச் சொல்கிறார். கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவீர்கள்? ‘பல் வலி’ என்றா? அப்படியென்றால் அவர் தானாகக் கொடுத்த டயக்னோசிஸில் பாதியை நீங்களே அழித்துவிட்டீர்கள்.

வணக்கம். பல் மருத்துவ மாணவர்களே, செய்முறைத் தேர்வில் நோயாளியை எப்படிக் கேட்டு, பரிசோதித்து, எக்ஸாமினரிடம் சொல்வது என்பதைப் பற்றிய இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

தயாரிப்பைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ‘இது தேர்வு, நேரமாகும், எக்ஸாமினரும் வாயைப் பார்ப்பார்’ என்று முந்தின நாளே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொரு நோயாளியையும் கைவசம் வைத்திருங்கள்.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

[திரையில்: பல்லின் குறுக்குவெட்டுப் படம்]

கையில் அடிபட்டால் கை வீங்கும். பல்லுக்குள் இருக்கும் பல்ப், அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு, வீங்க முடியாது, சுற்றிலும் கெட்டியான டென்டின் சுவர். அதனால் உள்ளே அழுத்தம்தான் ஏறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடி, வலியும் கூடுகிறது. ‘ராத்திரி படுத்தா’ என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது!

உடனே அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: “குளிர்ந்த தண்ணீர் பட்டால் எவ்வளவு நேரம் வலிக்கிறது?” விழுங்கியதும் போய்விட்டால் பல்ப் பெரும்பாலும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. நிமிடக்கணக்கில் நின்றால், தானாகவும் வந்தால், மீளாத நிலையைச் சந்தேகியுங்கள். ஃபில்லிங் போதுமா, வேர் சிகிச்சை வேண்டுமா என்பதே இங்கேதான் பிரிகிறது.

இன்னொரு ஆச்சரியம். பல்ப் வலிக்கு இடம் சரியாகத் தெரியாது. கீழ்ப்பல் கெட்டிருக்கும், நோயாளி மேல்பல்லைக் காட்டுவார். ஆனால் இடப்பக்க வலி வலப்பக்கம் தாண்டுவது மிக அரிது. எனவே அவர் காட்டிய பல்லை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். தட்டிப் பார்க்கும்போது நல்ல பல்லிலிருந்து தொடங்குங்கள். சாதாரணத் தட்டு எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.

எக்ஸாமினரிடம் சொல்லும் வரிசை: வயது, நோயாளியின் சொந்த வார்த்தையில் அவரது தொந்தரவு, எத்தனை நாளாக, உடல்நலம், முகத்தின் வெளிப்புறம், வாயின் மென்திசு, கடைசியாகப் பற்கள். 36 என்ற பல் எண்ணை ‘முப்பத்தாறு’ என்று சொல்லாமல் ‘மூன்று, ஆறு’ என்று சொல்லுங்கள். 3 என்றால் கீழ் இடப்பக்கம், 6 என்றால் நடுவிலிருந்து ஆறாவது பல்.

நீங்கள் பேசுவதை நோயாளியும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அதை மறக்காதீர்கள். எக்ஸாமினர் நகர்ந்ததும் நாற்காலியை மெதுவாக நிமிர்த்தி, என்ன கண்டீர்கள் என்று அவருக்கும் எளிமையாகச் சொல்லுங்கள்.

உங்கள் நோயாளிகள் வலியை எந்த வார்த்தையில் சொல்கிறார்கள்? விண்ணுவிண்ணு, சுரீர், கடுகடுப்பு... கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.