1,450 ரூபாய்க் கையுறையும் மாமரத்துத் தங்கூசி வலையும்

வணக்கம் மக்களே. இறால் சொதி வீடியோ எங்கே என்று கேட்கிறவர்கள் அடுத்த கிழமை வரை பொறுங்கள். இன்றைக்கு எனக்கு வேறு கோபம். வௌவால் மாங்காய் தின்னாமல் இருக்கப் பழைய தங்கூசி வலையை, அதுதான் நைலோன் நூல் மீன்வலையை, மாமரத்தின் மேல் வீசிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுக்கிறவர்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், குளக்கட்டு மருதமரங்களில் வௌவால் தொங்குகிற ஊரை முந்தின வீடியோவில் காட்டினேனே, அங்கேதான் நடந்தது. ஊர்ப் பெயரை இந்த முறையும் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது பட்டாசுக் கட்டோடு வந்து நிற்பான். முன்பு கொளுத்தியும் இருக்கிறார்கள். வெடிச் சத்தத்துக்குத் தாய் பதறிப் பறக்கும். நெஞ்சில் தொற்றியிருக்கிற குட்டி கீழே விழும். இந்தப் பெரிய பழந்தின்னி வௌவால் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் சேர்ந்துதான் இதுகளைக் காவல் காக்கிறார்கள். சம்பளமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பொழுதுபடுகிற நேரம் குளக்கட்டில் மேற்கே பார்த்து நின்று, வெளிக்கிடுகிற வௌவாலை எண்ணுவார்கள். ஒருத்தன் வாய்க்குள் எண்ணுவான்; பத்து வந்ததும் கையைத் தூக்குவான். பக்கத்தில் இருக்கிற தங்கச்சி சிரட்டைக்குள் ஒரு புளியங்கொட்டை போடுவாள். கணக்குத் தப்பும் என்று என்னைக் கதைக்க விடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்த பாட்டை நினைத்துப் பாருங்கள்.

சரி, வலைக்கு வருகிறேன். விடியப்புறம் ஒரு அக்கா அந்த எண்ணுகிற பொடியனுக்குப் போன் அடித்தா: “தம்பி, எங்கட மாமரத்தில ஒண்டு சிக்கிக் கிடந்து கத்துது, கெதியா வாங்க.”

இருங்கள், கையுறைக் கதையைச் சொல்லாமல் மேலே போக ஏலாது. வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. நீர்வெறுப்பு நோய், அதாவது ரேபிஸ், அதன் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமி ஒன்றை நம் நாட்டுப் பழந்தின்னி வௌவாலிலேயே கண்டுபிடித்து, 2016இல் கன்னொறுவை என்ற ஊர்ப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அதனால் இரும்பு ஒட்டுகிற வெல்டிங் வேலைக்காரர் போடுகிற தோல் கையுறை வாங்கித் தருவதாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். டவுனில் ஒரு கடையில் 2,600 என்றார்கள். சோடிக்கா என்று கேட்டால் முறைக்கிறார் அந்த ஆள். நான் கச்சான் வாங்கினாலே மூன்று கடை ஏறி இறங்குகிறவன், விடுவேனா? செங்கலடியில் அதே தோல், அதே தையல், 1,450! தையலை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. 1,150 ரூபாய் மிச்சம், மக்களே. அன்றைக்கு மத்தியானச் சோறு எனக்கு எவ்வளவு ருசியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கையுறையோடுதான் பொடியன் ஏணியில் ஏறினான். வௌவால் வலையில் தலைகீழாகச் சுற்றிக் கிடந்தது. சிறகை விரித்தால் நாலடிக்குக் கிட்ட வரும். அந்தத் தோலில் நாலைந்து இடத்தில் தங்கூசி இறங்கியிருந்தது. அவன் இழுக்கவே இல்லை. முதலில் பழைய துவாயால் தலையை மூடினான்; இருட்டானதும் அது அடங்கிவிட்டது. பிறகு வலையை வௌவாலைச் சுற்றிவர வெட்டி, வௌவாலோடு கீழே கொண்டுவந்து, நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக எடுத்தான். விரல் எலும்பைச் சுற்றி இறுகின நூல் ஒன்று இருந்தது, அதற்கு மட்டும் அரை மணித்தியாலம் போயிருக்கும். ஆ, சொல்ல மறந்துவிட்டேன், ஏணியில் ஏற முன்னமே வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற போன் நம்பருக்கு எடுத்துச் சொல்லிவிட்டான். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். கடி, கீறல் பட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரி.

பகல் முழுக்கக் காற்றுப் போகிற மட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்து, பொழுதுபட மருதமரத்தடியில் விட்டார்கள். கொஞ்சம் தடுமாறிப் பட்டையில் ஏறி, பிறகு பறந்தது.

வௌவாலால் நமக்கு என்ன பிரயோசனம் என்று போன வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் எழுதியிருந்தார். ஐயா, பழந்தின்னி இலுப்பைப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். அதைப் பொறுக்கித்தானே எண்ணெய் எடுத்து அந்தக் காலத்தில் கோயில் விளக்கு எரித்தார்கள்? சின்ன வௌவால் பூச்சி தின்னும். தாய்லாந்தில் ஒரே ஒரு இன வௌவால் நெல்லில் விழுகிற தத்திப் பூச்சியைத் தின்று, வருடத்துக்கு 2,900 தொன்னுக்குக் கிட்ட நெல்லைக் காப்பாற்றுகிறது என்று 2014இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வயல் செய்கிற ஊர்க்காரர் நாங்கள், இதைப் பிறகும் விளங்கப்படுத்த வேண்டுமா?

அந்த அக்கா நல்ல மனுஷி. “வலையைக் கழட்டுறன், ஆனா என்ட மாங்காய்க்கு ஆர் பொறுப்பு?” என்று கேட்டா. நியாயமான கேள்வி. அதற்கு வழி இருக்கிறது: சுண்டுவிரல் நுழையாத பொடிக்கண் வலை, வெள்ளை நிறம், தடியில் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரத்து வலைக்கு 5 மில்லிமீற்றர் கண்ணுக்கு மேல் போகக் கூடாது என்று 2021இல் சட்டமே வந்துவிட்டது. முழு மரத்துக்கும் ஏலாவிட்டால் கைக்கு எட்டுகிற குலைக்கு மட்டும் பை கட்டுங்கள், மேலே உள்ளதை வௌவாலுக்கு விடுங்கள்.

நாற்றுமேடைக்குப் போடுகிற வெள்ளை வலையில் மீதித் துண்டு யாரிடமாவது கிடந்தால் கீழே எழுதுங்கள். பைக்கில் நானே வந்து எடுக்கிறேன், பெற்றோல் என் செலவு. ஏறாவூருக்கு அங்கால் என்றால் மட்டும் பாதிப் பாதி பேசுவோம்.