மழைக்கு முன் தெருக் குழுவைச் சீர்செய்வோம்

வணக்கம். சென்னையில் இன்று வாட்ஸ்ஆப் குழு இல்லாத குடியிருப்போர் நலச் சங்கம் அநேகமாக இல்லை. ஆனால் நள்ளிரவில் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று வையுங்கள். அந்தச் செய்தி காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் புதைந்துவிடும். பாதிப் பேர் குழுவின் அறிவிப்புச் சத்தத்தையே நிறுத்தி வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே குழு என்று வைத்தது நம் தவறு.

முதல் வேலை, குழுவை இரண்டாகப் பிரிப்பது. பேசுவதற்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. அவசரக் குழுவில் செய்தி போடும் உரிமையை அமைப்புகளுக்குப் போய் அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். அட்மின்கள் மூன்று பேராவது வேண்டும். ஒருவராவது மேல்மாடியில் குடியிருக்கட்டும். தரைத்தளத்துக்காரர் அந்த நேரத்தில் சாமான்களைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருப்பார், செய்தி போட அவருக்குக் கை இருக்காது. எதையாவது பார்த்தவர் அட்மினைப் போனில் கூப்பிட்டுச் சொல்லட்டும். அட்மின் இரண்டு கேள்வி கேட்டு உறுதிசெய்துகொண்டு போடட்டும்.

இதில் இரண்டு நிமிடம் தாமதமாகும் என்பது உண்மை. அந்தத் தாமதம் ஏன் தேவை என்பதற்கு 2018 மே மாதம் சாட்சி. குழந்தை கடத்துகிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் பரவிய வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். அதனால் ஒரு விதியை எழுதியே வையுங்கள்: முன்பின் தெரியாத ஆளின் படத்தைக் குழுவில் போடக் கூடாது. சந்தேகம் என்றால் 112-க்கு அழையுங்கள், போலீஸ் வந்து விசாரிக்கட்டும்.

அடுத்து, செய்தியின் வடிவம். ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்தால் அதில் தெரிவது ஃபார்வர்டு செய்த நேரம்தான், முதலில் எழுதிய நேரம் அல்ல. மூன்று வருடத்துக்கு முந்தைய ஏரி உடைப்புச் செய்தி இன்று காலை வந்ததுபோல நிற்பது இதனால்தான். பலமுறை பரவியதற்கு இரட்டை அம்புக்குறி உண்டு. ஆனால் நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறியும் போய்விடும். ஆகவே தேதியையும் நேரத்தையும் செய்திக்குள்ளேயே எழுத வேண்டும். இப்படி: “டிசம்பர் 3, இரவு 11.40. மூன்றாவது குறுக்குத் தெரு, ரேஷன் கடை எதிரில் மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடக்கிறது. அந்த வழியே யாரும் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லியாயிற்று. நேரில் பார்த்தவரிடம் கேட்டு உறுதிசெய்தது.” கம்பியைச் சரிசெய்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று நேரத்தோடு இன்னொரு செய்தி போக வேண்டும். பல குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன.

இடம் சொல்லும்போது தெருப் பெயர் மட்டும் போதாது. சென்னையில் காந்தி தெருக்கள் எத்தனையோ. வார்டு எண், பக்கத்தில் இருக்கும் அடையாளம், லொகேஷன் மூன்றும் வேண்டும். வீட்டில் மாட்டிக்கொண்டவர் லைவ் லொகேஷன் அனுப்ப வேண்டியதில்லை, அது பேட்டரியைத் தின்னும். இருக்கும் இடத்தை ஒருமுறை அனுப்பினால் போதும். எந்த மாடி, எந்தக் கதவு எண் என்பதைச் செயலி சொல்லாது. அதைக் கையால் எழுதுங்கள்.

இவ்வளவும் டவர் இருக்கும்வரைதான். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது தென்மாவட்டங்களிலும் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழி இருக்காது. சிக்னல் தேய்ந்துகொண்டே வரும்போது படமும் வீடியோவும் முதலில் நிற்கும். எஸ்எம்எஸ் கடைசிவரை முட்டி மோதிப் போய்ச் சேரும். எனவே பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் என்று வைத்து, அந்தப் பத்து எண்களையும் காகிதத்தில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். தனியாக இருக்கும் முதியவர், டயாலிசிஸ் போகிறவர், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரின் விவரம் அந்தக் காகிதத்தில் மட்டும் இருக்கட்டும், குழுவில் வேண்டாம்.

பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தாலும் மின்னழுத்தம் மாற்றுவதில் ஒரு பங்கு போய்விடும். போனுக்குச் சேர்வது ஏறக்குறைய 6,000 தான். இன்றைய போனை ஒருமுறை முழுதாக ஏற்றலாம், அவ்வளவே. அட்மின்களிடம் இரண்டிரண்டு இருப்பது நல்லது.

தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியை ஆபத்து வந்த பிறகு இறக்கிப் பயனில்லை. பதிவு செய்து, லொகேஷன் அனுமதியும் கொடுத்து முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். ‘சசேத்’ போன்ற பேரிடர் எச்சரிக்கைச் செயலிகளைப் போனின் பேட்டரி சேமிப்பு முறை பின்னணியில் நிறுத்திவிடக் கூடும். அவற்றுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். மாநகராட்சி 1913, மின்னகம் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றைக் குழுவின் விளக்கப் பகுதியில் போட்டு வையுங்கள், தேட வேண்டியிருக்காது.

இன்னொன்று. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே கோப்புகள், அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்புகள், குழுக்களில் வருகின்றன. திறந்து நிறுவினால் அது உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைத் திருடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், அவர் கணக்கே களவு போயிருக்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொருவரும் வாட்ஸ்ஆப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஒரு ஒத்திகை வையுங்கள். அவசரக் குழுவில் சோதனைச் செய்தி போகட்டும். பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொரு வீடும் தன் பொறுப்பாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராத வீட்டின் கதவை அன்றே தட்டுங்கள். எண் மாறியிருக்கும், இல்லையென்றால் உள்ளே பட்டன் போனோடு ஒரு பெரியவர் இருப்பார். அவர் எண்ணைக் காகிதத்தில் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.