ஆயிரம் பேர் எப்படி ஒரு நாட்டுக்காகப் பேச முடியும்?

அனைவருக்கும் வணக்கம்.

தேர்தல் கருத்துக்கணிப்போ, சுகாதார ஆய்வோ, வேலையின்மை விகிதமோ, எந்தப் புள்ளிவிவரம் வெளிவந்தாலும் கூடவே ஒரு கேள்வியும் கிளம்பும். "ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு நாடே இப்படி நினைக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே!" இப்படிக் கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால் அந்தச் சந்தேகம் போய் விழவேண்டிய இடம் வேறு. ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்து மிரள்கிறோம். அந்த ஆயிரம் பேர் பட்டியலுக்குள் எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோம். கிடைக்கும் விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதைக் கொண்டு ஒன்றை வகுக்க வேண்டும். நூறு பேரைக் கேட்டால் பிழை எல்லை ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளிகள், முன்னும் பின்னும். 400 பேர் என்றால் 5. ஆயிரம் பேர் என்றால் மூன்றுக்குச் சற்று மேல். பத்தாயிரம் பேர் என்றால் 1. நான்கு மடங்கு ஆட்களைச் சேர்த்தால் பிழை பாதியாகத்தான் குறைகிறது. கணிப்பு நடத்துபவர்கள் ஆயிரத்தை ஒட்டி நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். அதற்குமேல் இரண்டு புள்ளிகளைக் குறைக்கப் பத்து மடங்கு உழைக்க வேண்டும்.

இந்த எல்லைக்குள் உண்மை நிச்சயமாக அடங்கிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. இப்படித் தேர்ந்தெடுத்த ஆட்களின் தொகுப்புக்கு மாதிரி என்று பெயர். இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால் சுமார் 95 தடவை அடங்கும், மீதி ஐந்து தடவை வெளியே போகும். நம் கையில் இருப்பது அந்த ஐந்தில் ஒன்றா என்று அந்தக் கணிப்பை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? நாட்டின் மக்கள்தொகை இதில் எங்குமே வரவில்லை. பத்து லட்சம் பேர் வாழும் நகரமானாலும், நூறு கோடிப் பேர் வாழும் நாடானாலும் ஆயிரம் பேர் கொண்ட மாதிரி தரும் துல்லியம் கிட்டத்தட்ட ஒன்றே. இதைச் சொன்னதும் பலர் நம்பமாட்டேன் என்பார்கள். ரத்தப் பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். ஐம்பது கிலோ எடை உள்ளவருக்கும் நூறு கிலோ எடை உள்ளவருக்கும் அதே சிறிய குழாய் அளவு ரத்தம்தான் எடுக்கிறார்கள். கனத்த உடம்பு என்பதற்காக இரண்டு குழாய் எடுப்பதில்லை. (இரண்டாயிரம் பேரே உள்ள ஓர் அமைப்பில் ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை இன்னும் குறையும். மாதிரி மொத்தத்தில் பெரும்பங்காக இருக்கும்போதுதான் மொத்தத்தின் அளவு கணக்கில் வரும்.)

ஆனால் ரத்தத்துக்கு உள்ள ஒரு வசதி மக்களுக்கு இல்லை. இதயம் ரத்தத்தை ஓயாமல் சுற்றிக் கலந்துகொண்டே இருக்கிறது. எந்த நரம்பில் ஊசி ஏற்றினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மக்கள் அப்படிக் கலந்து கிடப்பதில்லை. வசதி உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். பகலில் வீட்டில் இருப்பவர்கள் வேறு, வேலைக்குப் போய்விடுபவர்கள் வேறு. கலந்திராத ஒன்றிலிருந்து கைக்கு எட்டியதை அள்ளினால் கைக்கு எட்டியதைப் பற்றித்தான் தெரியும். அப்படியானால் கலக்கும் வேலையை நாம்தான் செய்தாக வேண்டும். சமவாய்ப்புத் தேர்வு செய்வது அதைத்தான்.

அதைச் செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற புகழ்பெற்ற வார இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சம் பேருக்குமேல் பதில் எழுதினார்கள். அவ்வளவையும் எண்ணி, அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் 57 சதவீத வாக்குகளோடு வெல்வார் என்று அறிவித்தது. முந்தைய தேர்தல்களில் வென்றவரைச் சரியாகச் சொன்ன இதழ் என்பதால் அதை நம்பியவர்கள் ஏராளம். வென்றவர் ரூஸ்வெல்ட், சுமார் 61 சதவீத வாக்குகளோடு. லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பு நடத்திவந்த ஜார்ஜ் கேலப் சுமார் ஐம்பதாயிரம் பேரைக் கேட்டு, ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சொல்லியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த இதழ் நின்றுபோனது.

23 லட்சம் எப்படித் தவறாகும்? முகவரிகளை அவர்கள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். ரூஸ்வெல்ட்டின் ஆதரவு பெருமளவில் மற்ற பக்கம் இருந்தது. பாடப்புத்தகங்கள் இத்தோடு கதையை முடித்துவிடும். இதன் இரண்டாவது பாதிதான் முக்கியமானது என்பது என் எண்ணம். சீட்டுக் கிடைத்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே பதில் எழுதினார்கள். அப்படி எழுதியவர்களில் ரூஸ்வெல்ட்டை மாற்றத் துடித்தவர்கள் அதிகம். பட்டியல் சரியாகவே இருந்திருந்தாலும் இந்தக் கணிப்பு சாய்ந்துதான் இருக்கும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. யாரைக் கேட்டோம் என்பது ஒரு வடிகட்டி; யார் பதில் சொன்னார்கள் என்பது அதற்குக் கீழே இன்னொரு வடிகட்டி.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 அதிபர் தேர்தலில், கேலப்பே சறுக்கினார். டூவி வெல்வார் என்றார், ட்ரூமன் வென்றார். அப்போது அவர்கள் கையாண்டது ஒதுக்கீட்டு முறை. இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இந்த வயதில் இத்தனை பேர் என்று களப்பணியாளருக்கு இலக்கு கொடுத்துவிடுவார்கள். அந்த இலக்குக்குள் யாரைக் கேட்பது என்பது அவர் விருப்பம். அவரும் மனிதர்தானே! அணுகச் சுலபமாகத் தோன்றுபவரிடம் போவார், மாடி ஏறத் தயங்குவார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே கேட்பதை நிறுத்திவிட்டது இன்னொரு தவறு. ஆள் தேர்வைப் பணியாளரின் விருப்பத்துக்கு விடக்கூடாது என்ற வாதம் அதன்பிறகு வலுத்தது. இதைக் கணிதம் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தது என்பதுதான் வருத்தம். சமவாய்ப்புத் தேர்வு ஏன் நம்பகமானது, பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்த மாதிரி ஏன் ஏமாற்றும் என்று புள்ளியியல் அறிஞர் ஜெர்சி நெய்மன் 1934லேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார்.

சரி, பார்த்துப் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டால் போதுமா? போதாது. 1969 டிசம்பர் 1ஆம் தேதி, வியட்நாம் போருக்கு இளைஞர்களை அழைக்கும் வரிசையை அமெரிக்கா குலுக்கல் மூலம் முடிவுசெய்தது. ஆண்டின் 366 தேதிகளும் 366 சிறு குப்பிகளில். ஜனவரி, பிப்ரவரி என்று மாதவாரியாகப் பெட்டியில் போட்டார்கள், சரியாகக் கலக்கவில்லை. முதலில் எடுக்கப்பட்ட தேதியில் பிறந்தவர் முதலில் போக வேண்டும். டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகள் வரிசையின் முதல் பாதிக்குள் வந்து விழுந்தன. யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. கலந்துவிட்டோம் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கு விலை கொடுத்தவர்கள் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்த இளைஞர்கள். அடுத்த ஆண்டு முறையையே மாற்றினார்கள்.

இன்னும் நுட்பமான ஓர் உதாரணம் பயிர்க் கணக்கெடுப்பில் உண்டு. விளைச்சலை மதிப்பிட, வயலில் சமவாய்ப்பாக ஓர் இடத்தைக் குறித்து, அந்தத் துண்டில் உள்ளதை மட்டும் அறுத்து எடைபோடுவார்கள். இந்தியாவில் மகாலனோபிஸ், சுகாத்மே போன்ற புள்ளியியல் அறிஞர்கள் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். துண்டு மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டும் என்று தெரியவந்தது. காரணம் எல்லைக்கோடு. கோட்டின்மேலேயே நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா? செழித்து நிற்கும் செடியை விட மனம் வராமல் கை தானாக உள்ளே சேர்த்துவிடுகிறது. துண்டு சிறிதாகச் சிறிதாக, பரப்பை ஒப்பிடும்போது ஓரம் அதிகம், பிழையும் அதிகம். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் குறையே இல்லை, கோட்டில் நின்ற ஒரு செடியில்தான் சாய்வு, அதாவது விடையை ஒரே பக்கமாக இழுக்கும் பிழை, நுழைந்தது. மாதிரியெடுப்பு எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்பதற்கு நான் அடிக்கடி சொல்வது இதைத்தான்.

மகாலனோபிஸ் இன்னொன்றும் செய்தார். ஒரே பகுதியை இரண்டு குழுக்களிடம் தனித்தனி மாதிரிகளாகப் பிரித்துக் கொடுப்பார். ஒரு குழுவின் கணக்கு மற்றதற்குத் தெரியாது. இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகவில்லை என்றால் களத்தில் எங்கோ கோளாறு என்று அர்த்தம். இந்த எளிய ஏற்பாட்டுக்கு இணையான நேர்மைப் பரிசோதனை எனக்கு அதிகம் தெரியாது. இந்தியாவில் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் அவரே வழிகாட்டி.

அடுக்கு முறை, கொத்து முறை என்ற பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மக்களை வயது, ஊர், தொழில் என்று அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குலுக்குவது அடுக்கு முறை; அதில் பொதுவாகத் துல்லியம் கூடும். செலவைக் குறைக்கச் சில தெருக்களை மட்டும் தேர்ந்து அங்கேயே நிறையப் பேரைக் கேட்பது கொத்து முறை; அதில் துல்லியம் குறையும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பல விஷயங்களில் ஒரேமாதிரி இருப்பார்கள். பத்துத் தெருக்களில் கேட்ட ஆயிரம் பேர் உண்மையில் ஆயிரம் பேருக்குச் சமம் அல்ல.

இன்றைய பெரிய தலைவலி பதில் சொல்லாதவர்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தன் தொலைபேசிக் கணிப்புகளைப் பற்றி வெளியிட்ட கணக்கு இது: 1997இல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள்; 2018இல் 6 பேர். மீதி 94 பேரும் இந்த ஆறு பேரைப் போன்றவர்கள்தானா? அதுதான் கேள்வி. வயது, கல்வி போன்றவற்றில் குறைவாக வந்தவர்களின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சரிசெய்வார்கள். நமக்குத் தெரிந்த வேறுபாட்டுக்குத்தான் இது மருந்து. 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு எடை கொடுக்காமல் விட்டு ஏமாந்தன. ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர்கள் இருவரும் 1946லேயே நல்ல வழி ஒன்றைச் சொன்னார்கள்: பதில் எழுதாதவர்களிலிருந்து ஒரு சிறு மாதிரியை எடுத்து, அவர்களை மட்டும் நேரில் தேடிப் போய்க் கேட்பது. செலவும் அலைச்சலும் ஆகும். ஆனால் பத்தாயிரம் பேருக்குக் கூடுதலாக மின்னஞ்சல் அனுப்புவதைவிட, பதில் தராத நூறு பேரின் கதவைத் தட்டுவது மேல் என்பேன்.

இப்போது யாராவது கேட்கலாம்: "அதெல்லாம் பழைய காலம் ஐயா, இன்று லட்சக்கணக்கில் தரவு குவிகிறதே?" 2021இல் அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி போட்டவர்கள் எத்தனை பேர் என்று ஃபேஸ்புக் பயனர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பதில்கள். அரசின் தடுப்பூசிப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, மே மாதத்தில் அது 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகச் சொல்லியிருந்தது. அதே காலத்தில் சுமார் ஆயிரம் பேரை மட்டும் கவனமாகத் தேர்ந்து கேட்ட இன்னொரு கணிப்பு பதிவுகளை ஒட்டியே இருந்தது. அந்த இரண்டரை லட்சம் பதில்களின் பயன், உண்மையான சமவாய்ப்பு முறையில் எடுத்த சுமார் பத்துப் பேருக்குச் சமம் என்று நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பத்துப் பேர்! மாதிரி பெரிதாக ஆக நாம் சொல்லும் பிழை எல்லை சுருங்கிக்கொண்டே போகும், சாய்வோ அப்படியே இருக்கும். விளைவு, தவறான எண்ணைச் சுற்றி மிகக் குறுகிய எல்லை போட்டு முழு நம்பிக்கையோடு அறிவித்துவிடுகிறோம். லிட்டரரி டைஜஸ்ட் செய்தது அச்சில், இது கணினியில்.

மாதிரியால் முடியாததையும் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரில் ஒரு சிறு பிரிவினர் நாற்பது பேர் இருந்தால், அந்த நாற்பதை மட்டும் பிரித்துப் பேசும்போது பிழை எல்லை 15 புள்ளிகளுக்கு மேல். "இந்தப் பிரிவில் 55 சதவீதம் ஆதரவு" என்று தலைப்பு வந்தால், உண்மை நாற்பதாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம். மிக அரிதான நோய்க்கும் சாதாரண மாதிரி உதவாது. நோயாளி ஒருவர்கூட அதில் அகப்படாமல் போகலாம்.

அப்படியானால் எல்லோரையுமே எண்ணிவிடலாமே என்ற யோசனை மிச்சம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதைத்தான் செய்கிறது, அது அவசியமும்கூட. பல மாதிரிகளுக்கு அடிப்படைப் பட்டியலே அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் எல்லோரையும் எண்ண நிறைய ஆட்கள் வேண்டும், அத்தனை பேருக்கும் நல்ல பயிற்சி கொடுப்பது கடினம், விடுபடுபவர்கள் இருப்பார்கள். அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பில் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய சரியாகவே இருந்தது. உள்ளே பார்த்தால், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி மரபில் வந்த) மக்களில் நிகரமாக, அதாவது கூடுதலாக எண்ணப்பட்டவர்களைக் கழித்தபின், சுமார் 5 சதவீதமும் கறுப்பின மக்களில் 3.3 சதவீதமும் விடுபட்டிருந்தார்கள்; வெள்ளையரும் ஆசியரும் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் கணிசமானோர் விடுபட்டிருந்தார்கள். எல்லோரையும் எண்ணிய ஒரு கணக்கில் யார் விடுபட்டார்கள் என்பது எப்படித் தெரிந்தது? கணக்கெடுப்பு முடிந்ததும், சமவாய்ப்பாகச் சில பகுதிகளை எடுத்து, அங்கே உள்ள வீடுகளில் புதிதாக, தனியாக ஒரு மாதிரி ஆய்வு நடத்தி, இரண்டு பட்டியல்களையும் ஆள்வாரியாகப் பொருத்திப் பார்த்தார்கள். நன்றி.