நெய்தலுக்குத் தம்பி பருப்பா?

நடுவர் அவர்களே, நாகர்கோவில் பெருமக்களே, வணக்கம்.

பிள்ளைக்கு வைக்க வேண்டியது முன்னோர் பெயரா, நிலத்தின் பெயரா? நிலத்தின் பெயரே என்பது எங்கள் அணி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் ஒரே மாவட்டத்தில் கிடக்க, பெயருக்கா பஞ்சம்? இதை விரித்துப் பேசத்தான் வந்தேன். எதிரணி நண்பர் விடவில்லை. "மகளுக்கு நெய்தல் என்று வைத்தவர், மகன் பிறந்தால் பருப்பு என்று வைப்பாரோ?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நன்றாகவே தட்டினீர்கள்!

ஐயா, நெய்தல் நெய் அல்ல, பூ. கழியில் நீலமாகப் பூப்பது. அந்தப் பூவின் பெயரைத்தான் கடற்கரைக்கே வைத்தார்கள்.

நண்பரைக் குறை சொல்லி என்ன செய்ய? பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனேன். முதல் முறை 'நெய்தால்' என்று வந்தது. "நெய்தால் துணிதான் வரும், என் பிள்ளை எப்படி வரும்?" என்றேன். திருத்தினார்கள். 'எய்தல்'. வில்லும் அம்பும் மட்டும்தான் குறை. மறுபடியும் போனேன். 'செய்தல்'! நெய்தால், எய்தல், செய்தல்... நான் கேட்டது சான்றிதழ், அவர்கள் நடத்தியது இலக்கண வகுப்பு. நான்காம் முறைதான் என் மகள் பிறந்தாள்.

இருக்கட்டும். அழைப்பிதழில் நண்பரின் பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது? 'நாஞ்சில்'! நாஞ்சில் என்றால் கலப்பை, நம் நாஞ்சில் நாட்டு மண்ணின் பெயர். அங்கே தாத்தா பெயரையா போட்டார்? தனக்கு மண், ஊரார் பிள்ளைக்கு மட்டும் முன்னோரா?

முன்னோர் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது என் அப்பா தொழிலுக்குப் போயிருந்தார். படகும் வரவில்லை, அவரும் வரவில்லை. பின்னால் மகள் பிறந்தபோது, அப்பா பெயரையே பெண்பாலாக்கி வைக்கலாம் என்றேன். அம்மா சம்மதிக்கவில்லை. "அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை அதட்ட என்னால் ஆகாது. அவர் இருக்கிற இடத்தின் பெயரை வை" என்றாள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடித்துவிடுகிறேன். சாயங்காலமானால் மணலில் விளையாடும் பேத்தியை அம்மா கூப்பிடுவாள். "நெய்தலே, இருட்டிவிட்டது, வீட்டுக்கு வா." பிள்ளை எப்போதோ வந்து முந்தானையைப் பிடித்து நிற்கும். அம்மா கடலைப் பார்த்து இன்னொரு முறை கூப்பிடுவாள்.