கர்ட்டன் கல்லூரி: கொடுத்தவர்களும் கையை விரித்தவர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து சுமார் இரண்டரை மைல் தள்ளி கர்ட்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பெண்கள் தங்கிப் படிப்பதற்கும், பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய பாடங்களையே படிப்பதற்கும் பிரிட்டனில் முதன்முதலாக ஏற்பட்ட கல்லூரி அந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் சரோஜினி நாயுடுவும் அங்கே சில காலம் படித்தவர்தான். அந்தக் கல்லூரி யார் பணத்தில், எந்த நிபந்தனைகளோடு எழுந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

கதை பணத்தில் தொடங்கவில்லை, தேர்வில் தொடங்குகிறது. எமிலி டேவிஸ் ஒரு பாதிரியாரின் மகள். வடக்கே கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் வளர்ந்தவர், கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்காக ஊர் ஊராக நடத்திவந்த தேர்வைச் சிறுமிகளும் எழுதட்டும் என்று அவர் கேட்டார். 1863 டிசம்பரில் சோதனை முயற்சியாக ஒருமுறை நடத்தச் சம்மதம் கிடைத்தது. ஆயத்தம் செய்ய இருந்ததோ சில வாரங்கள். 80-க்கும் மேற்பட்ட சிறுமிகள் வந்து எழுதினார்கள். மூத்த பிரிவில் பெரும்பாலோர் கணக்கில் தோற்றுப்போனார்கள். சிறுமிகளின் பள்ளிகளில் கணக்கு என்பது ஒப்புக்கு நடந்த பாடம் என்பது அப்போது அப்பட்டமாகத் தெரிந்தது. எமிலி டேவிஸ் அந்தத் தோல்வியை மூடி மறைக்கவில்லை. எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டது, பள்ளிகள் அடைத்துக்கொள்ளட்டும் என்றார். பள்ளிகளும் கணக்கைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கின. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தோல்வி வெகுவாகக் குறைந்தது. 1865-இல் அந்தத் தேர்வு சிறுமிகளுக்கு முறைப்படி திறந்துவிடப்பட்டது.

அந்த அனுபவத்திலிருந்துதான் அவருடைய பிடிவாதம் பிறந்தது. பெண்களுக்கென்று தனித் தேர்வு வேண்டாம். அதே வினாத்தாள், அதே நேரம், அதே மதிப்பெண். சலுகை கொடுத்தால் சான்றிதழுக்கு மதிப்பு இராது என்பது அவர் வாதம். இந்த ஒரே நிபந்தனையால் பல பெரிய மனிதர்கள் பணப்பையை மூடிக்கொண்டார்கள்.

1867-இல் பெண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்குவதற்காகக் குழு அமைத்தார்கள். திட்டமிட்ட தொகை 30,000 பவுண்டு. பிரிட்டன் முழுவதற்கும் ஒரே கல்லூரி என்று பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. பெண்கள் படிக்கவேண்டும் என்று நிஜமாகவே விரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் பெரிய தொகைதான் என்ற பொருளில் எமிலி டேவிஸ் எழுதினார். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பணம் சொட்டுச் சொட்டாகவே வந்தது.

முதல் பெரிய தொகை பார்பரா பொடிஷோன் அம்மையாருடையது: 1,000 பவுண்டு. அவர் ஓவியர். திருமணமான பெண்களின் சொத்துரிமைக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் போராடியவர். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இவ்வளவு பணம் கொடுத்தவரின் பெயர் முதலில் குழுவின் பட்டியலில் இல்லை. 1866-இல் பெண்கள் வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தப் பெயரைப் பார்த்தால் பிஷப்புகளும் பிரபுக்களும் விலகிவிடுவார்கள் என்று எமிலி டேவிஸ் அஞ்சினார். பொடிஷோன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஆரம்பகால ஆதரவாளர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் கொடுத்தது 50 பவுண்டு, அதையும் தன் பெயரைப் போடாமல், தாம் எழுதிய ஒரு நாவலைக் குறிப்பிட்டு, ‘அதன் ஆசிரியரிடமிருந்து’ என்று கொடுத்தார். திருமணமாகாமல் ஒருவரோடு வாழ்ந்துவந்தவர் என்பதால் அவர் பெயரும் அன்றைய சமூகத்தில் சங்கடமான பெயர். ஷார்லட் யங் என்ற இன்னொரு பிரபல எழுத்தாளர் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டார். பெண்களை வீட்டிலிருந்து பிரித்து ஓரிடத்தில் கூட்டமாக வைப்பதே தவறு என்பது அவர் கருத்து. ஆல்டர்லியின் ஸ்டான்லி சீமாட்டி, கணவர் இருந்தவரை விலகியே இருந்தார். 1869-இல் கணவர் மறைந்த பிறகு முழு வேகத்தோடு வந்து சேர்ந்தார். கல்லூரிக்கு வழிபாட்டுக்கூடம் கட்டவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம், அந்தப் பணத்தைப் படிப்புக்குச் செலவழியுங்கள் என்று தடுத்தவர் அவர். அவர் 1895-இல் இறந்தார். வழிபாட்டுக்கூடம் எழுந்தது அதற்குப் பிறகுதான். கல்லூரியில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது நூலகம்.

30,000 சேரும்வரை காத்திருந்தால் ஆயுள் முடிந்துவிடும் என்று எமிலி டேவிஸுக்குப் புரிந்துவிட்டது. வாடகை வீட்டில் தொடங்கினார். கேம்பிரிட்ஜுக்குள் வைத்தால் இளைஞர்கள் நிறைந்த ஊரில் பெண்பிள்ளைகளா என்ற கூச்சல் எழும். லண்டனில் வைத்தால் கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் வரமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ரயில் பாதையில் ஹிட்சின் என்ற ஊர் இருந்தது. அங்கே பென்ஸ்லோ ஹவுஸ் என்ற வீட்டில் 1869 அக்டோபரில் ஐந்து மாணவியரோடு கல்லூரி தொடங்கியது. கட்டணம் பருவத்துக்கு 35 பவுண்டு. ஆண்டுக்கு மூன்று பருவம், ஆக 105 பவுண்டு. தங்கல், சாப்பாடு, படிப்பு எல்லாம் அதில் அடக்கம்.

கேம்பிரிட்ஜிலிருந்து ஆசிரியர்கள் ரயிலில் ஏறி வந்து பாடம் நடத்திவிட்டுத் திரும்பினார்கள். இவர்களையும் ஆதரவாளர் பட்டியலில் சேர்க்காமல் விடக்கூடாது. கிளார்க், ஹார்ட், சீலி, ஸ்டூவர்ட் போன்றவர்கள் அரை நாளைப் பயணத்திலேயே கழித்தவர்கள். வகுப்பு நேரம் ரயில் நேரத்தை ஒட்டியே அமைந்தது. மாணவியருக்கு இதனால் நட்டமும் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆண்கள் சந்தேகம் வந்தால் ஆசிரியர் அறைக்கே போய்க் கேட்கலாம். இவர்கள் அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்கவேண்டும். அதிலும் பலர் லத்தீனும் கிரேக்கமும் அரைகுறையாகக் கற்று வந்தவர்கள். ‘லிட்டில்-கோ’ என்று சொல்லப்பட்ட முதல்நிலைத் தேர்வுக்கு அந்த இரண்டு மொழிகளும் கட்டாயம். பள்ளியில் பத்து வருடம் படித்துவிட்டு வரும் இளைஞனோடு, கிரேக்க எழுத்தையே புதிதாகக் கற்கும் பெண் போட்டிபோடவேண்டும். அதையும் மூன்று ஆண்டும் சொச்சமுமான காலத்துக்குள் முடிக்கவேண்டும் என்று எமிலி டேவிஸ் விடாப்பிடியாக நின்றார். மாணவியருக்கே இதில் மனத்தாங்கல் இருந்தது.

இன்னொரு பக்கம், ஆதரவாளர்கள் மிரண்டுவிடக் கூடாதே என்ற கவலை. ஹிட்சினில் மாணவியர் ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளை ஆண்வேடம் போட்டு நடித்தபோது எமிலி டேவிஸ் கோபித்துக்கொண்டார். மாணவியருக்கு அது விளையாட்டு. அவருக்கோ செய்தி வெளியே கசிந்தால் சந்தா நின்றுபோகும் என்ற பயம்.

தேர்வு விஷயத்துக்கு வருவோம். பல்கலைக்கழகம் முறைப்படி அனுமதிக்க மறுத்துவிட்டது. ஆனால் தேர்வாளர்கள் தனிப்பட்ட முறையில் விடைத்தாள் திருத்தினால் ஆட்சேபணை இல்லை என்று ஒரு சந்து விட்டார்கள். அந்தச் சந்தில்தான் எல்லாம் நடந்தது. 1873-இல் மூன்று பேர் ட்ரைபோஸ் என்ற இறுதித் தேர்வை எழுதினார்கள்: சாரா வுட்ஹெட் கணிதத்தில், ரேச்சல் குக்கும் லூயிசா லம்ஸ்டனும் கிரேக்க லத்தீன் இலக்கியத்தில். பல்கலைக்கழக மண்டபத்தில் இடமில்லை. யுனிவர்சிட்டி ஆர்ம்ஸ் என்ற ஓட்டலில் ஓர் அறை எடுத்து உட்கார்ந்தார்கள். எமிலி டேவிஸ் கணப்பருகில் பின்னல் வேலையோடு காவல் இருந்தார். வினாத்தாளைக் கொண்டுவர வேண்டியவர் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். நரம்பு புடைக்கக் காத்திருந்துவிட்டு எழுதி, மூவருமே தேறினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் கல்லூரி சொந்தக் கட்டடத்துக்குப் போனது. கர்ட்டனில் 16 ஏக்கர் நிலம் வாங்கி, ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு சிவப்புச் செங்கல்லில் கட்டினார்கள். பழைய கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஒவ்வொரு மாடிப்படியையும் சுற்றி நாலைந்து அறைகள் இருக்கும்; இங்கே நீண்ட நடைகூடத்தை ஒட்டி அறைகள். ஒவ்வொரு மாணவிக்கும் படிக்க ஒன்று, படுக்க ஒன்று என்று இரண்டு அறை. கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்து படிப்பது அந்நாளில் வசதியான வீட்டுப் பெண்களுக்கே கிடைக்காத ஒன்று. செலவைக் குறைக்க ஒரே அறை போதும் என்று முடிவு செய்திருக்கலாம்; செய்யவில்லை. குடிபோன அன்று கட்டட வேலை முடிந்தபாடில்லை, தச்சர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

எமிலி டேவிஸிடம் எனக்கு ஒரு குறை உண்டு. நன்கொடை வந்தாலும் உயில் பணம் வந்தாலும் அவருக்கு முதல் நினைப்பு இன்னும் சில அறைகள், இன்னும் கொஞ்சம் நிலம். ஜேன் கேம்பிள் என்ற, அமெரிக்காவில் பிறந்த பெண்மணி விட்டுச்சென்ற சுமார் 19,000 பவுண்டும் பெரும்பாலும் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் போனது. ஆசிரியைகளின் நிலையும் உதவித்தொகையும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. முதல் தேர்வில் தேறிய லூயிசா லம்ஸ்டன், அங்கேயே ஆசிரியையாகச் சேர்ந்து, 1875-இல் மனம் நொந்து விலகிப்போனார்.

பொடிஷோன் வழி வேறு. அவர் தனி ஆளைப் பார்த்துக் கொடுத்தார். சாரா மார்க்ஸ் என்ற ஏழை யூதப் பெண், பின்னாளில் ஹெர்தா அயர்ட்டன் என்று மின்வில் (இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எழும் பேரொளி) ஆராய்ச்சியில் புகழ்பெற்றவர், கர்ட்டனில் படிக்க அவரும் ஜார்ஜ் எலியட்டும் கைகொடுத்தார்கள். ஹெர்தா கோடுகளைச் சமபாகமாகப் பிரிக்கும் கருவியைக் கண்டுபிடித்தபோது, காப்புரிமைக்கான செலவையும் பொடிஷோன் ஏற்றார். 1891-இல் அவர் இறந்தபோது கல்லூரிக்கு 10,000 பவுண்டு விட்டுச்சென்றார்.

1880-இல் கர்ட்டன் மாணவி ஷார்லட் ஸ்காட் கணித ட்ரைபோஸில் எட்டாவது இடத்துக்குச் சமமாக வந்தார். அடுத்த ஆண்டே பெண்கள் தேர்வெழுதுவதைப் பல்கலைக்கழகம் ஏற்றுச் சான்றிதழ் தந்தது, பட்டம் தரவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் 1883-இல் பி.ஏ. பட்டமே வாங்கிவிட்டார்கள் என்பதை இங்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் 1897-இல் பட்டம் கொடுக்கலாமா என்று வாக்கெடுத்தபோது ஆதரவு 661, எதிர்ப்பு 1,707. 1921-இல் பெயரளவுக்குப் பட்டம் என்றார்கள். எமிலி டேவிஸ் இறந்ததும் அந்த ஆண்டுதான். முழு உரிமையோடு பெண்கள் பட்டம் பெற 1948 ஆயிற்று.

நன்றி, வணக்கம்.